உச்சிவெயிலில் நின்ற ஆள்

எனக்கு வெயிலைக் கண்டாலே ஆகாது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், சித்திரை மாதம் தார் ரோட்டில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவள், பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வெயிலைத் திட்டுகிறாளாம். என் அண்ணி ஊரிலிருந்து வந்து ரயிலை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "உனக்கென்னடி, ஏசி ஊருல ஜம்முனு குந்திக்கினு இருக்கே" என்பாள். அவளைப் பிடித்து ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே பட்டப்பகல் ஒரு மணிக்குப் படுக்கப் போட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் கறுவிக்கொள்வேன். காலையில் பூங்காவில் நடக்கிறவர்களுக்கு இது ஏசி ஊர்தான். ஒற்றை அறையில் பகலில் தூங்க வேண்டியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தூங்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். தொண்ணூறுகளின் நடுவில் அவர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் நைட் ஷிஃப்ட். தகரத் தகட்டை மெஷினுக்குள் வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்புக் கட்டை இறங்கித் தகட்டை வெட்டும். வெட்டினதைக் கையால் எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். விடிகிற வரைக்கும் இதே வேலைதான். வைக்கிற கையும் எடுக்கிற கையும் அந்த இரும்புக்கு அடியிலேயே போய்ப் போய் வர வேண்டும்.

அவருக்கு முன்னால் அந்த மெஷினில் இருந்தவருக்கு ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது. பகலில் சரியாகத் தூங்காமல் வந்து மெஷினில் தூங்கி வழிந்தான், தப்பு அவன் மேல்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். அவரே அப்படி ஒப்புக்கொண்டு, அவர்கள் நீட்டிய காகிதத்தில் மிச்சமிருந்த கையின் கட்டை விரலை உருட்டி ரேகை வைத்துக் கொடுத்தாராம். பிறகு தர்மபுரிப் பக்கம் ஊருக்குப் போனவர் அங்கேயே செத்துப்போய்விட்டார் என்று கேன்டீனில் பேச்சு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதையெல்லாம் சோறு தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னார். இந்த மனுஷன் பகலில் தூங்கவில்லையென்றால் இவர் கையும் போகும். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பயம் அது. எனக்கு வேறு எதைப் பற்றியும் கவலை இருக்கவில்லை. சமையல், தண்ணீர், மாமியார் கடிதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அவரைத் தூங்க வைப்பதுதான் என் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்கு எதிரி வெயில். மழை நாளில் அவர் படுத்த உடனே குறட்டை விடுவார். வெயில் அடித்தால் போச்சு. பத்து மணிக்கே ஷீட்டு சூடேற ஆரம்பிக்கும். டேபிள் ஃபேன் அடுப்படிக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஷீட்டின் மேல் கோணியை நனைத்துப் போட்டேன். அது காய்கிற வேகத்துக்குத் தண்ணீர் பிடிக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் வருவதே ஒரு நாள் விட்டு ஒரு நாள். சூட்டைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார், வெளிச்சம்தான் ஆகாது. ஷீட்டில் ஆணி அடித்த இடம், கதவு இடுக்கு, ஜன்னல் மூலை என்று எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெயில் குச்சி குச்சியாக உள்ளே இறங்கும். ஒரு குச்சி சரியாக அவர் கண் இமை மேல் வந்து நிற்கும். பாயை நகர்த்தினால் அதுவும் நகர்ந்து வரும். சனியன் பிடித்த வெயிலுக்கு அப்படி என்ன வஞ்சமோ.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் சந்து தங்கமான சந்து. பீன்யாவுக்கு ஷிஃப்ட் போகிற வீடுகள் அங்கே நிறைய. ஆள் தூங்கும்போது கதவுத் தாழ்ப்பாளில் வெளிப்பக்கமாக ஒரு துண்டைத் தொங்கவிடுவோம். துண்டு தொங்கினால் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது. கீரைக்காரி கூவ மாட்டாள், தபால்காரர் கடுதாசியைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போவார், சண்டை போட வந்தவர்கள்கூடத் துண்டைப் பார்த்தால் சாயங்காலம் வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அதை மீறினவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கம்பெனியில் சரக்குக்குச் சுற்றி வருகிற கறுப்பு பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலை அதால் மூடினேன். கதவு இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். ஷீட்டு ஓட்டைகளை எல்லாம் தாரைக் காய்ச்சி அடைத்தேன். கை கொப்புளித்ததுதான் மிச்சம் என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்து கதவைச் சாத்தினபோது உள்ளே கும்மிருட்டு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாடா வெயிலே, இப்போது வா பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

அது வேறு மாதிரி வந்தது.

மறுநாள் மத்தியானம். அவர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிருந்தது. எதிரே, வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மங்கலாக என்னவோ ஆடுகிற மாதிரி இருந்தது. முதலில் ஈரம் என்று நினைத்தேன். கண் இருட்டுக்குப் பழகினதும் தெரிந்தது. சுவரின் மேல்பக்கம் வெளிச்சமாக ஒரு தரை. அந்தத் தரையிலிருந்து தலைகீழாக ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மேலே, தலை கீழே. முகம் இல்லை; கறுப்பாக வெறும் உருவம். அசையாமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

கத்தினால் அவர் விழித்துவிடுவாரே என்று அப்போதும் ஒரு யோசனை ஓடியதைச் சொல்லியே ஆக வேண்டும். சுவரோடு சுவராக நகர்ந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. சந்தில் ஈ காக்கை இல்லை. எல்லார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது, எங்கள் துண்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் சுவர் வெறும் சுவர், சுண்ணாம்பும் காலண்டரும்தான். பிரமை என்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண் மறுபடியும் இருட்டுக்குப் பழகியது. ஆள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

உச்சி வேளையில் பொம்பளைப் பிள்ளைகள் வெளியே போகக் கூடாது, காத்து கருப்பு அடிக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லித்தான் வளர்த்தார்கள். அது வீட்டுக்குள்ளேயே வரும் என்று யாரும் சொல்லவில்லை.

தினமும் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறினதும் சுவர் மெல்லத் துலங்கும், தரை தெரியும், கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து நிற்கும். அதற்கு ஒரு சத்தமும் கிடையாது. வெயில் சாய்ந்தால் சுவர் மங்கிப் போகும். மேகம் மறைத்த நாளில் ஒன்றுமே வராது. ஒரு தரம் அது ஒரு கையைத் தூக்கி, தூக்கி என்றால் சுவரில் கீழ்ப்பக்கமாக, முகத்தைத் துடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் நான் அதன் கையைக் கவனித்தேன். அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தூக்கம் கெடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு மத்தியானம் திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். எத்தனை நாளாக அப்படிப் படுத்திருந்தாரோ தெரியாது. சுவரையே பார்த்துக்கொண்டு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

"அவன்தான். என் மெஷின்ல இருந்தவன். கையைப் பாரு."

"செத்துட்டாருன்னு சொன்னீங்களே" என்றேன். "அதத்தான் சொல்றேன்" என்றார். சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவன் எடத்துல உக்காந்திருக்கேன் இல்ல. கையைக் கேட்டு வந்திருக்கான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் தூங்கவே இல்லை. போர்வையை முகத்தில் மூடிக்கொண்டு படுப்பார். உள்ளே மூச்சு தாறுமாறாக ஓடுவது கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலது கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். யாராவது பிடுங்க வந்தால் விடக் கூடாது என்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் விடியற்காலை நடுவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். தகடு கீறிவிட்டது, ஒன்றுமில்லை என்றார். அந்த விரலைப் பார்த்துவிட்டு நான் அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். லீவு போடுங்கள் என்றால், ஆர்டர் நிறைய இருக்கிறது, லீவு கேட்டால் ஒரேயடியாக வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

எதிர் வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் வீட்டில் பாதிக் கன்னடம் பாதித் தமிழ். என் முகத்தைப் பார்த்தே "ஏனாயித்தம்மா, என்னாச்சு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை உச்சிக்கு வாசற்படியில் கற்பூரம் ஏற்று, எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வை, நிலைப்படியில் வேப்பிலை கட்டு என்றார். அவரே கூட நின்று செய்தார். துண்டு தொங்கும் கதவு என்பதால் எல்லாவற்றையும் சைகையில்தான் செய்தோம். கற்பூரம் அந்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாசலைக் கட்டியாகிவிட்டது என்ற தைரியத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆள் நின்றுகொண்டிருந்தது. எங்கள் கற்பூரத்தை அது சட்டையே செய்யவில்லை.

மழை வராதா என்று கிடந்து தவித்தேன். ஊரே ஆகாயத்தைப் பார்த்து, என்ன அருமையான வெயில், என்ன பளிச்சென்ற வானம், வடாம் போடலாம், மிளகாய் காயப் போடலாம் என்று குஷியாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பளிச்சென்ற வானம் என் வீட்டுக்காரரின் கையைத் தின்னப் பார்க்கிறது, உங்களுக்கு வடாமா என்று கேட்கத் தோன்றும்.

இதற்கு நடுவில் வெயில் என் புடவையையும் தின்றது. கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சை. வாசல் கொடியில் காயப் போட்டுப் போட்டு ஒரு பக்கம் வெளுத்து வாழைச்சருகு நிறம் ஆகிவிட்டது. இருக்கிற கோபத்தில், இனிமேல் உனக்கு என் துணி கிடையாது என்று புடவையை எடுத்துக்கொண்டு வீட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பின்னால் இருந்தது உயரமான மதில்களுக்கு நடுவில் ஒரு துண்டு காலி மனை. யாரும் அங்கே போவதில்லை. பகல் முழுக்க நிழல்தான். சூரியன் நேர் உச்சிக்கு வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் விழும். ஒரு கயிற்றைக் கட்டிப் புடவையைப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு அதிசயமாக அவர் தூங்கிவிட்டார். பல நாள் விழித்ததெல்லாம் சேர்ந்து ஆளை அடித்துப் போட்டுவிட்டது. வாயைத் திறந்துகொண்டு, கை கால் ஒன்றும் தெரியாமல், அப்படி ஒரு தூக்கம். தெய்வமே, இவர் விழிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சி வந்தது. சுவர் துலங்கியது. தரை தெரிந்தது. ஆள் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், அது நிற்கிற மாதிரியே தலைகீழாக, கிளிப்பச்சை நிறத்தில் என் புடவை ஆடிக்கொண்டிருந்தது.

வெளுத்த பக்கம்கூடத் தெரிந்தது.

நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். பாத்திர அலமாரிக்கு மேலே, எப்போதோ யாரோ ஆணி பிடுங்கின இடத்தில், பொட்டு அளவுக்கு ஓர் ஓட்டை சுடராக எரிந்துகொண்டிருந்தது. நான் கூரையையும் வாசலையும் அடைத்தேனே தவிர என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவே இல்லை. இருட்டு அறையில் சின்ன ஓட்டை வழியாக வெளியே இருப்பது எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாசல் பக்கத்துச் சுவரில் தெரிந்ததால் வாசலில் நிற்கிறது என்று நினைத்து வாசலைக் கட்டினோம். அது பின்னால் நின்றிருக்கிறது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் சந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது, என் நிழல்கூடக் காலுக்கடியில் ஒடுங்கிவிட்டது. வரிசையைச் சுற்றிப் போகும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். புத்திக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. மதில் மூலையில் திரும்பினேன்.

என் புடவைக்குப் பக்கத்தில் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை கால் தரையில் இருந்தது. காக்கிச் சட்டை, தலையில் துண்டு. ஒரு கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை வழிந்து சட்டை நனைந்திருந்தது. பேய்க்கு வேர்க்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. கத்த வாயைத் திறந்தேன். அவர்தான் முதலில் பேசினார். அந்தக் கையையே உயர்த்தி, கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"சத்தம் போடாதம்மா. தம்பி தூங்குது."

சாகவில்லை. ஊருக்குப் போனவர் திரும்பி வந்து, எங்களுக்குப் பக்கத்திலேயே ஒக்கலிபுரத்தில் ஒரு மரக்கடையில் வாட்ச்மேனாக இருந்தார். அது கம்பெனி முதலாளியின் சொந்தக்காரர் கடை. கம்பெனியைப் பற்றி எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அந்த மெஷினில் இப்போது யார் என்று விசாரித்து எங்கள் வீட்டையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் வெளியே வர முடியும். அந்த நேரத்தில் எங்கள் கதவில் துண்டு தொங்கும்.

"பிரஸ் ஓட்டுறவன் தூக்கத்தக் கெடுக்கலாமா? அதான் இப்பிடி ஒதுக்குப்புறமா நின்னு பாக்கறது. எந்திரிச்சா பாத்திரம் உருளற சத்தம் கேக்கும், போய்ப் பேசலாம்னு. நேரம் ஆயிடும், போயிடுவேன்." தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "உள்ளதச் சொல்லணும்மா. சில நாள் துண்டப் பாத்ததும் நிம்மதியாக்கூட இருக்கும். இன்னிக்கு சொல்ல வேணாம், வேல போவாதுன்னு."

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியவில்லை. தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று இந்த மனுஷன் வெயிலில் நின்று நின்றே என் வீட்டுக்காரர் தூக்கத்தை அடியோடு கெடுத்திருக்கிறார். "என்ன சொல்லணும்? என்கிட்ட சொல்லுங்கண்ணா" என்றேன்.

"அந்த மெஷின் தானா எறங்கும்."

எனக்குப் புரியவில்லை.

"பெடல்ல காலே வெக்காம இருப்போம். ஒரு அடி அடிச்சிட்டு நிக்கணும் இல்ல? நிக்காது. கைய உள்ள விட்டு எடுக்கும்போது தானா இன்னொரு அடி எறங்கும். எப்பவும் இல்ல. வெயில் காலத்துல. தகர ஷெட்டு ராத்திரிகூட ஆறாது, கிரீஸெல்லாம் உருகி ஓடிடும், அப்பதான் அது அப்பிடிப் பண்ணும். எனக்கு ஆனதும் இதே மாசம். இந்த வருசம் வெயில் ஏறிக்கினே போவுது. ராத்திரி படுத்தா தம்பி மொகம்தான் கண்ணுல நிக்குது."

"நீங்க தூங்கிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேவலமாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் புடவையின் வெளுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நானும் ரேக வெச்சிக் குடுத்தேன். அன்னிக்கு நான் நல்லாத் தூங்கிட்டுத்தாம்மா போனேன். என் பொண்டாட்டியும் உன்ன மாதிரிதான். தாப்பாள்ல துண்டப் போட்டுட்டு விசிறிக்கினே உக்காந்திருப்பா."

வெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அவர் போக வேண்டிய நேரம். கொஞ்சம் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். உச்சி வேளை என்பதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. வாசலுக்கு வந்து தாழ்ப்பாளில் தொங்கிய துண்டை உருவிப் போட்டேன். கதவின் இரண்டு பலகையையும் அகலத் திறந்தேன். ஜன்னலில் ஒட்டிய கறுப்பு பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தேன். அது கிழிந்துகொண்டு வந்தது. வெயில் அறை முழுக்க, பாய் முழுக்க, என் வீட்டுக்காரர் முகத்தின் மேல் விழுந்தது.

அவர் அசையவில்லை. வலது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி, அப்படி ஒரு நல்ல தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து அந்தக் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்திரிங்க" என்றேன். "உங்களப் பார்க்க ஆள் வந்திருக்கு."